ஆடி நோம்பி விடுமுறைக்கு பைக்கும் கூடாரமும்: அமராவதி, கொல்லிமலை, பவானிசாகர், திம்பம் – வழி சொல்லுங்கள்

ஊத்துக்குளிக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். ஆடி 18-ஐ ஒட்டி எங்கள் பனியன் கம்பெனியில் நான்கு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வருகிறது. நானும் மச்சானும் ஆளுக்கொரு வண்டியில் கிளம்புவதாக இருக்கிறோம். என்னுடையது 100 சிசி ஸ்பிளெண்டர், அவனுடையது 350 புல்லட். இரண்டு பேர் படுக்கும் கூடாரம் ஒன்று வாங்கியாகிவிட்டது. லாட்ஜில் அறை எடுத்துப் படுப்பதாக இருந்தால் பஸ்ஸிலேயே போய்விடலாம். ஆகவே அறை எடுக்கச் சொல்லும் யோசனை மட்டும் வேண்டாம்.

போட்டு வைத்திருக்கும் கணக்கு இது. முதல் நாள் திருப்பூர், பல்லடம், உடுமலை, திருமூர்த்தி மலை; இரவு அமராவதி அணைக்கரையில் கூடாரம். இரண்டாம் நாள் தாராபுரம், காங்கேயம், ஈரோடு வழியாகக் கொல்லிமலை. மூன்றாம் நாள் மலையிறங்கி பவானி, கோபி, பவானிசாகர். அணைத் தண்ணீரின் ஓரமாகக் கூடாரம். நான்காம் நாள் திம்பம் ஏறி இறங்கி வீடு. தேறுமா?

புல்லட் சிங்காநல்லூர்:

தம்பி, இந்தக் கணக்கில் கூடாரத்தை விரித்த கையோடு மடிக்க வேண்டியதுதான். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். மூட்டை முடிச்சோடு ஏறி, மறுநாளே இறங்கி, அன்று மாலையே பவானிசாகர் என்கிறீர்கள். போதாக்குறைக்கு ஆடி 17, 18-இல்தான் அங்கே வல்வில் ஓரி விழா. செம்மேட்டில் வண்டி நிறுத்த இடம் கிடைத்தாலே பெரிய காரியம். கொல்லிமலையை வேறொரு சமயத்துக்குத் தனியாக ஒதுக்குங்கள். அறப்பளீஸ்வரர் கோயிலும் ஆகாய கங்கைப் படிக்கட்டும் அவசரத்தில் பார்க்கிற இடங்கள் அல்ல. படியிறங்கி அருவிக்குப் போய் வந்தால் மறுநாள் காலில் கியர் மாற்றவே யோசிப்பீர்கள்.

காற்றாலை மெக்கானிக்:

முதல் நாள் வழியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். கேத்தனூர், உடுமலைப் பக்கத்துக் காற்றாடிகளோடுதான் எனக்குப் பிழைப்பு. ஆடி எங்களுக்கு அறுவடைக் காலம். இரு சக்கர வண்டிக்காரருக்கு அல்ல. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் மலைத்தொடர் விட்டுப்போயிருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் தென்மேற்குக் காற்று இந்தப் பக்கம் புகுகிறது. மற்ற இடமெல்லாம் மலை மறித்து நிற்க, இந்த ஒரு சந்தில் நெருக்கியடித்து வருவதால் வேகம் கூடிவிடும். அது விரிந்து பரவும் உடுமலை, பல்லடம், தாராபுரம் நிலத்தில்தான் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். சும்மா நடவில்லை.

பல்லடத்திலிருந்து உடுமலைக்குத் தெற்கே போகும்போது காற்று வலப்பக்க விலாவில் அறையும். அதற்கு ஈடு கொடுக்க நீங்கள் அறியாமலேயே வண்டியை வலப்பக்கம் சாய்த்துப் பிடித்திருப்பீர்கள். எதிரே ஒரு பெரிய லாரி வரும். அது உங்களைக் கடக்கும் அந்த நொடியில் காற்று மறைந்துவிடும். சாய்த்துப் பிடித்த பிடி மட்டும் அப்படியே இருக்கும். வண்டி எந்தப் பக்கம் போகும்? லாரியின் பக்கம். லாரி தாண்டியதும் தேங்கிய காற்று மொத்தமாக வந்து இடப்பக்கம் தள்ளும். புல்லட் தன் கனத்தில் ஓரளவு தாங்கும். பின்னால் கூடாரமும் பையும் பாய்மரம்போல் நிமிர்த்திக் கட்டிய 100 சிசி வண்டி தாங்காது.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது உங்கள் கூடாரம் எம்மாத்திரம்? உடுமலை, தாராபுரம் பக்கத்தைத் தை மாதத்துக்கு ஒத்திப்போடுங்கள். காற்று அடங்கியிருக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் நிலமும் பச்சை பிடித்திருக்கும்.

ஊத்துக்குளிக்காரன்:

கொல்லிமலையும் போயிற்று, உடுமலையும் போயிற்று. மிச்சம் பவானிசாகரும் திம்பமும். அதையாவது விட்டுவையுங்கள்.

தாளவாடி வழிப்போக்கன்:

மன்னியுங்கள், பவானிசாகரிலும் பாதியைத்தான் விட்டுவைக்க முடியும்.

அணையின் நீர்ப்பரப்பை ஒட்டிய காடு சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். 2013-இல் அறிவித்தார்கள். நீங்கள் படத்தில் பார்த்து ஆசைப்பட்ட அந்தக் கரை யானைக் கூட்டம் தண்ணீருக்கு இறங்கும் கரை. அமராவதியும் அதே கதைதான். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் விளிம்பு அது. அணை நீரில் முதலைகளும் உண்டு. பக்கத்திலேயே முதலைப் பண்ணை இருக்கிறதே, வேடிக்கைக்காக மட்டும் இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். உள்ளே அடுப்பு மூட்டினால் அதற்கு வேறு தனியாக வழக்கு. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கென்றே விதிகள் வகுத்துவிட்டார்கள். ‘சத்தியமங்கலம் இல்லாவிட்டால் பர்கூர் மலையில் கூடாரம் போடுகிறோம்’ என்று அடுத்து யாராவது எழுதுவார்கள். அந்தக் காடும் 2024-இல் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாகிவிட்டது.

திம்பத்துக்குத் தாராளமாக வாருங்கள், பகலில். 27 வளைவுகள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. நேரம் அவ்வப்போது மாறுவதால் பண்ணாரி சோதனைச் சாவடியில் கேட்டுக்கொண்டே ஏறுங்கள். சரக்கு லாரிகள் வளைவில் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும். அது திரும்பி முடிக்கும் வரை கீழேயே நில்லுங்கள். உள்ளே புகுந்துவிடலாம் என்று ஓர் இடைவெளி தெரியும். லாரியின் பின்பகுதி ஒடிந்து வரும்போது அந்த இடைவெளி இருக்காது.

ஆசனூரைத் தாண்டிக் காரப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிக்காக யானைகள் காத்து நிற்பதுண்டு. சுங்கம் வசூலிப்பதுபோல் ஒரு கட்டு வாங்கிக்கொண்டுதான் வழிவிடும். கண்டால் தொலைவிலேயே நிறுத்தி வண்டியைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை எடுத்துக்கொண்டு முன்னால் போகும் ஆட்களைப் பார்த்து நீங்களும் போகாதீர்கள்.

ஊத்துக்குளிக்காரன்:

அப்படியானால் கூடாரத்தை எங்கள் வீட்டு மொட்டை மாடியில்தான் அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

புல்லட் சிங்காநல்லூர்:

காசு வாங்கிக்கொண்டு கூடாரம் போட இடம் கொடுக்கும் பண்ணை விடுதிகள் இப்போது மலையடிவாரமெங்கும் வந்துவிட்டன. கழிவறை உண்டு, சாப்பாடும் கொடுப்பார்கள். அதில் ஒன்றைப் பிடியுங்கள், வேலை முடிந்தது.

தடப்பள்ளி விவசாயி:

அது லாட்ஜுக்குத் துணிச்சுவர் வைத்த மாதிரி. தம்பி கேட்பது அதுவல்ல என்று நினைக்கிறேன்.

காட்டுக்குள்தான் கூடாரம் போட வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? நம் பக்கத்தில் ஊருக்குள் நெருக்கிக் குடியிருப்பதைவிட அவரவர் தோட்டத்துச் சாளையில் குடியிருப்பவர்கள் அதிகம். சாளைக்கு முன்னால் களம் இருக்கும். சோளமும் கடலையும் காயும் காலம் போக மற்ற நாட்களில் அது காலி. நாலு பக்கமும் வெட்டவெளி, ஒரு பக்கம் தென்னை, அந்தப் பக்கம் கட்டுத்தறி. இதைவிட நல்ல கூடாரத் திடலை எந்த விடுதிக்காரன் கொடுத்துவிடுவான்?

கேட்பது எப்படி என்பீர்கள். பொழுது சாய்வதற்கு முன் ஒரு சிற்றூரின் பால் சொசைட்டி வாசலில் வண்டியை நிறுத்துங்கள். மாலைப் பால் ஊற்றும் நேரத்தில் ஊரில் பாதிப் பேர் அங்கே வந்து போவார்கள். எந்த ஊர், என்ன வேலை, எங்கே போகிறோம் என்பதை மறைக்காமல் சொல்லி, ‘ஓர் இரவு களத்தில் கூடாரம் போட்டுக்கொள்ளலாங்களா’ என்று கேளுங்கள். நாலு பேர் குறுக்கு விசாரணை செய்வார்கள். அதில் யாராவது ஒருவர் உங்களுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவார். அப்புறம் இடத்துக்குப் பஞ்சமில்லை. இருட்டிய பிறகு போய்க் கதவைத் தட்டினால் நாய்தான் முதலில் பேசும்.

காசை முதலில் நீட்டாதீர்கள். காலையில் கிளம்பும்போது இளநீரோ முட்டையோ அவர்களிடமே விலைக்கு வாங்குங்கள். கொடுப்பவருக்கும் கூச்சம் இருக்காது.

இடம் கொடுத்த எங்களுக்கும் சில மனக்குறைகள் உண்டு, எழுதியே விடுகிறேன். முன்பொரு கூட்டம் வந்தது. படலைத் திறந்துபோட்டுப் போனதில் எருமை வெளியேறி அடுத்தவர் சோளத்தில் இறங்கிவிட்டது, பஞ்சாயத்து எனக்கு. படலைத் திறந்தால் மூடுங்கள். சொட்டுநீர்க் குழாய் மேல் வண்டியை ஏற்றாதீர்கள். தடத்தை மறித்து வண்டியை நிறுத்தாதீர்கள், விடியற்காலையில் பால் வண்டி வரும். கட்டுத்தறி முளைக்குச்சியில் கூடாரக் கயிற்றைக் கட்டாதீர்கள், மாடு மிரளும். எல்லாவற்றையும்விட முக்கியம், இரவில் டார்ச் இல்லாமல் பத்தடி கூட நடக்காதீர்கள். கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகள் நம் பக்கத்தில் ஏராளம்; புல் மண்டிய விளிம்பு பகலிலேயே கண்ணுக்குத் தெரியாது. மலையடிவாரத் தோட்டமாக இருந்தால் மின்வேலி எங்கே ஓடுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு படுங்கள்.

சென்னிமலை நெசவு:

தடப்பள்ளி அண்ணா சொன்னது நூற்றுக்கு நூறு. நானும் தோழியும் இப்படித்தான் போய்வருகிறோம். ஒரு சேர்க்கை: பெண்கள் கேட்டால் களத்தில் விடமாட்டார்கள், திண்ணையிலோ உள்ளேயோ படுக்கச் சொல்வார்கள். கூடாரத்தில்தான் படுப்போம் என்று அடம்பிடித்தால், வீட்டு ஆத்தா இரவு இரண்டு தடவையாவது எழுந்துவந்து பார்த்துவிட்டுப் போவார். அதற்கு முகம் சுளிக்கக் கூடாது. காலைக்கடனுக்கு எங்கே போவது என்பதைத் தங்க இடம் கேட்கும்போதே வீட்டுப் பெண்களிடம் கேட்டுவிடுவேன். அதைப் பொறுத்துத்தான் தங்குவதா கிளம்புவதா என்று முடிவு.

கூடாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். களம் என்றால் சிமெண்ட் தளம், அல்லது சாணம் மெழுகி இறுகிய தரை. முளை இறங்காது. கம்பிகளின் வளைவிலேயே தானாக நிற்கும் குடைக் கூடாரமாக இருந்தால்தான் அங்கே உதவும். தரையில் முளை அடித்தே நிறுத்த வேண்டிய வகை என்றால் படுத்தே கிடக்கும். நாங்கள் நாலு மூலைக்கும் செங்கல்லோ தண்ணீர் கேனோ வைத்துக் கயிற்றைச் சுற்றிவிடுவோம். ஒரு பக்கக் கயிற்றை வண்டியின் கிராஷ் கார்டில் கட்டலாம். வீட்டிலேயே ஒரு தடவை மொட்டை மாடியில் அடித்துப் பாருங்கள், நிஜமாகவே சொல்கிறேன். மாடித் தரையும் களம் மாதிரிதான், பழக்கத்துக்கு ஆகும்.

ஜிப்பை எப்போதும் முழுக்க இழுத்து மூடி வையுங்கள், ஆள் உள்ளே இல்லாதபோதும். கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் விரித்த படுக்கைக்குள் அது வந்துவிடும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஷூவைக் காலையில் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கும்.

காற்றாலை மெக்கானிக்:

மூட்டை கட்டுவதைப் பற்றி யாரும் எழுதவில்லையே. கனமான சாமான் எல்லாம் கீழே, இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் வர வேண்டும். ஸ்பிளெண்டரின் பின் கேரியரில் கூடாரம், அதன்மேல் பை, அதன்மேல் பாய் என்று அடுக்கினால் முன்சக்கரம் லேசாகிவிடும். மலை வளைவில் ஹேண்டில் சொன்னபடி கேட்காது. இரு பக்கமும் தொங்கும் பையில் கருவிகள், தண்ணீர், அரிசி பருப்பு. கூடாரத்தை இருக்கையில் குறுக்காகப் படுக்கவைத்து, உங்கள் முதுகை ஒட்டிக் கட்டுங்கள். ரப்பர் கொக்கிக் கயிறு மட்டும் போதாது, அது குலுங்கக் குலுங்கத் தளரும். ஒரு நாடாப் பட்டையாவது இறுக்கிப் போடுங்கள்.

பின் டயருக்குக் கனத்துக்கு ஏற்ற காற்று எவ்வளவு என்று செயின் கவர் பக்கத்திலோ கையேட்டிலோ எழுதியிருக்கும். ஆள் ஒருவர்தான் என்று ஒற்றை ஆள் அளவில் விட்டுவிடாதீர்கள், மூட்டையும் ஓர் ஆள்தான். கிளட்ச் கேபிள் ஒன்று, ஸ்பார்க் பிளக் ஒன்று, டியூப் ஒன்று. கொங்கு நாட்டில் பஞ்சரின் பெயர் வேலிக்காத்தான் முள். தோட்டத்துத் தடத்தில் வேலி வெட்டிப் போட்டிருக்கும் இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் கௌரவம் குறைந்துவிடாது.

திம்பத்தில் இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டி வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். 27 வளைவும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம் சூடேறி, பாதி வழியிலேயே பிடி விட்டுப்போகும். புல்லட்டில் டிஸ்க் இருந்தாலும் பழக்கம் இதுதான்.

புல்லட் சிங்காநல்லூர்:

களத்துக்கு மாற்றாக ஒன்று. பரளிக்காடு, பூச்சமரத்தூர் பக்கம் வனத்துறையே பழங்குடி மக்களோடு சேர்ந்து சுற்றுலா நடத்துகிறது. காரமடை வழியாகப் போக வேண்டும். பில்லூர் அணையின் நீரில் பரிசல், அந்த ஊர்ப் பெண்கள் சமைத்த சாப்பாடு. முன்பதிவு இல்லாமல் போனால் திரும்பி வர வேண்டியதுதான். அங்கிருந்து மலையேறி ஊட்டிப் பக்கம் போக எண்ணினால், 2024 மே முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும், நினைவிருக்கட்டும்.

தடப்பள்ளி விவசாயி:

நல்ல இடம்தான், ஆனால் அதுவும் தனிப் பயணம். தம்பி, வடக்குப் பக்கத்தை மட்டும் வைத்து ஒரு வழி சொல்கிறேன், பிடித்தால் பாருங்கள்.

ஆடி 18-ஐ விட்டுவிட்டு, ஒரு வாரம் பத்து நாள் தள்ளிக் கிளம்ப முடியுமா என்று பாருங்கள். ஆடிப்பெருக்கன்று பவானிக் கூடுதுறையில் கால் வைக்க இடமிருக்காது. அந்தியூர் புதுப்பாளையம் குருநாதசுவாமி கோயில் சந்தை ஆடியின் பிற்பகுதியில் கூடும். காங்கேயம் காளை, பர்கூர் மலைமாடு, வடக்கேயிருந்து லாரியில் வந்து இறங்கும் குதிரைகள் என்று பார்த்து மாளாது. பர்கூர் மாட்டைப் பார்த்ததில்லை என்றால், செம்பழுப்பு உடம்பில் சுண்ணாம்பைக் கையால் விசிறியடித்த மாதிரி வெள்ளைத் திட்டுகள் இருக்கும். மலையில் பட்டி பட்டியாக மேய்ந்து வளர்வதால் அந்நியரைக் கண்டால் ஒரு முறைப்பு முறைக்கும். கிட்டே போய்ப் படம் எடுக்க வேண்டாம்.

முதல் நாள் ஊத்துக்குளி, பெருந்துறை, பவானி, அந்தியூர். பெரிய தூரமில்லை, வேண்டுமென்றேதான் குறைத்திருக்கிறேன். கூடுதுறை சங்கமேஸ்வரரைப் பார்த்துவிட்டு, ஜமக்காளம் நெய்யும் தெருவிலும் ஒரு நடை நடக்கலாம். இரண்டாம் நாள் சந்தை. வெயில் சாய்ந்ததும் அத்தாணி, கள்ளிப்பட்டி, டி.என்.பாளையம் சாலை. இந்தச் சாலைக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். வலப்பக்கம் மலை, இடப்பக்கம் வாய்க்கால் பாசனத்து நெல்லும் வாழையும் பாக்கும். கீழ்பவானி வாய்க்காலில் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித்தான் தண்ணீர் திறப்பது வழக்கம், ஆனால் கொடிவேரியிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பழைய ஆயக்கட்டு, இருபோகம் விளைகிற பூமி. ஆடியில் மற்ற இடம் வறண்டு கிடந்தாலும் இங்கே பச்சை இருக்கும். வண்டியை நாற்பதுக்கு மேல் விரட்டாமல் வாருங்கள். குண்டேரிப்பள்ளம் அணைப் பக்கம் போனால் மாலைக்குள் திரும்பிவிடுங்கள், அங்கும் யானை இறங்கும். இரவுத் தங்கல் மலைப்பக்கம் வேண்டாம். ஆற்றுக்குத் தென்கரையில் என் பக்கமே வந்துவிடுங்கள், களம் காலியாகத்தான் இருக்கிறது. தனிச்செய்தியில் வழி சொல்கிறேன்.

மூன்றாம் நாள் மூட்டையை இங்கேயே இறக்கி வைத்துவிட்டு வெறும் வண்டியில் திம்பம், தாளவாடி போய்த் திரும்புங்கள். சத்தியமங்கலத்தில் பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். நான்காம் நாள் கொடிவேரி. 1125-இல் கொங்காள்வான் கட்டிய அணை என்பார்கள். இன்றும் வயலுக்குத் தண்ணீர் தள்ளிக்கொண்டிருக்கிறது. பவானிசாகரில் அதிகமாகத் திறந்துவிட்டிருந்தால் குளிக்க விடமாட்டார்கள், பொரித்த மீனைத் தின்றுவிட்டுக் கிளம்புங்கள். கோபி, குன்னத்தூர், ஊத்துக்குளி என்று மாலைக்குள் வீடு.

சமையல் பாத்திரம் எல்லாம் சுமக்காதீர்கள். டீ போட ஒரு சின்ன கேஸ் அடுப்பு போதும். காலையில் சந்தகையும் தேங்காய்ப் பாலும் கிடைக்கிற ஊரில் வந்து யாராவது நூடுல்ஸ் கிண்டுவார்களா?

ஊத்துக்குளிக்காரன்:

அண்ணா, இதைப் படித்துவிட்டு மச்சான் இப்போதே பையைக் கட்டுகிறான். கம்பெனியில் பேசிவிட்டேன். ஆடி 18-க்கு மெஷினை ஓட்டிக் கொடுத்தால் அடுத்த வாரம் விடுப்பு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சந்தை நாள் உறுதியானதும் தெரிவியுங்கள். பவானிசாகர் கரையைப் பற்றிய ஆசை மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை; பூங்காப் பக்கம் நின்று பகலில் பார்த்துக்கொள்கிறேன்.

தை மாதத்து உடுமலைப் பயணத்துக்கும் இப்போதே துண்டு போட்டு வைக்கிறேன். அங்கே களம் கிடைக்குமா?

காற்றாலை மெக்கானிக்:

காங்கேயம், மூலனூர்ப் பக்கமாக வாருங்கள். அங்கே களத்தைவிடக் கொறங்காடு நன்றாக இருக்கும். நாலு பக்கமும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மாட்டுக்கென்றே விட்டுவைத்திருக்கும் மேய்ச்சல் காடு அது, உரியவரைக் கேட்காமல் உள்ளே போகக் கூடாது. வெள்வேலத்தின் அடியில் மட்டும் கூடாரம் போடாதீர்கள். உதிர்ந்த முள் அடித்துணியைக் கிழித்துவிடும். தார்ப்பாய் ஒன்று கூடுதலாக எடுத்து வாருங்கள்.

தாளவாடி வழிப்போக்கன்:

இரண்டு வண்டிக்கும் இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் நடப்பில் இருக்கிறதா பாருங்கள். தாளவாடியைச் சுற்றிக் கர்நாடக எல்லை வளைந்து வளைந்து வரும். எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்று தெரியாமலே இரண்டு தடவை மாறிவிடுவீர்கள். சாவடிக்கு சாவடி கேட்பார்கள். ஆடியிலும் மேலே சாரலும் குளிரும் இருக்கும், ஒரு ஸ்வெட்டரை மூட்டையோடு இறக்கி வைத்துவிடாமல் கையோடு கொண்டுவாருங்கள்.